கிழக்கு ஓரத்துப் பலகை

காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். ஆய்வகக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது கத்தி.

மேசை நடுவில் ஒரு வெள்ளைத் துணி. அதன்மேல் கத்தி. பிடி என் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது. அருகில் பூதக்கண்ணாடி, பதிவேடு, மூடி கழற்றிவைத்த பேனா.

எல்லாவற்றையும் எனக்காக எடுத்துவைத்தவர் காதர், ஆய்வக டெக்னீஷியன். உலர்த்தும் அடுப்புக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க சார். இன்னும் பன்னெண்டு நிமிசம் கீது. நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு" என்றேன். ஆகவில்லை.

அடுப்புக்குள் ஆறு பலகைத் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மூன்று நாட்களாக அவற்றை வெந்நீரில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி ஊறவைத்து, மறுபடி உலர்த்தியிருந்தோம். ஏழரைக்கு வெளியே எடுத்து, ஒட்டு பிரிகிறதா என்று நான் கத்தியால் நெம்பிப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் 'தேறியது' என்று எழுதினால் எங்கள் பலகைத் தொழிற்சாலையில் கட்டை அடுக்கும் கோர் பகுதி தொடரும். 'தேறவில்லை' என்று எழுதினால் அடுத்த மாதம் முதல் தேதியோடு அதை மூடிவிடுவார்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெண்கள் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஷிப்ட் தொடங்க அரை மணி நேரம் இருந்தும் வந்துவிட்டிருந்தார்கள். எழுதப்போகிறவன் நான். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது காதரை.

ஏரியிலிருந்து பலகைக்கு

இந்த வேலைக்கு முன்பு நான் நாளிதழ் நிருபர். சோழவரம் ஏரியில் எத்தனை அடி தண்ணீர், எந்த மதகு திறந்தார்கள், எந்தக் கரையில் விரிசல் என்று பல வருடங்கள் எழுதினேன். மாவட்டப் பக்கத்தைப் பத்திரிகை நிறுத்தியபோது என்னையும் நிறுத்தியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பலகை செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பதிவு எழுத ஆள் தேவை என்றார்கள். சோதனையை அருகிலிருந்து பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். சோழவரத்திலிருந்து கம்பெனி வேனில் போய்வரத் தொடங்கினேன்.

நாங்கள் செய்தது பிளாக்போர்டு; கரும்பலகை அல்ல. கதவு, தடுப்புச் சுவர், பள்ளிக்கூட அறைகளின் உள்சுவர் என்று கட்டடத்துக்குப் போகும் பலகை. மேலும் கீழும் மெல்லிய மரத்தோல். நடுவில் விரற்கடை அகலக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி ஒட்டியிருக்கும். அந்த நடுப்பகுதிதான் கோர். வெளியே தெரியாது. பலகையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

கட்டைகளை அடுக்குவது பெண்கள். பன்னிரண்டு பேர். பெரும்பாலும் தேர்வாய் கண்டிகையைச் சுற்றியுள்ள ஊர்கள். முன்பு நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். ஒரு கட்டையைக் கையில் எடுத்த உடனே கனத்தை வைத்து ஈரமா காய்ந்ததா என்று சொல்லிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் இரண்டு ஊசி வைத்த ஈரமானியைக் குத்திப் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு ஈரக் கட்டை உள்ளே போனாலும் போதும். சூடான அழுத்தத்தில் அந்த ஈரம் ஆவியாகி மேல்தோலைத் தூக்கிவிடும். தீப்பட்ட தோல்போலப் பலகை கொப்புளிக்கும். அந்த வருடம் அப்படிப்பட்ட பலகைகள் நிறையத் திரும்பி வந்தன.

மேனேஜர் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "மூணு வாரம் டைம். வாரத்துக்கு ஒரு போர்டு டெஸ்டு. மூணும் பாஸ் ஆவணும். இல்லாட்டி கோரை வெளியில இருந்து ரெடியா வாங்கிக்கலாம்."

பதினாறு பக்கம்

அந்தக் கூட்டத்துக்கு முன்பே நான் ஒரு கையேடு எழுதியிருந்தேன். கோர் பகுதிக்கான பணிக் குறிப்புகள். பதினாறு பக்கம். எளிய தமிழ், சின்ன வாக்கியங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் துணைத் தலைப்பு. மூன்று முறை திருத்தினேன். 'ஒவ்வொருவரும் தம் கட்டையைத் தாமே இருமுறை சோதிக்க வேண்டும்' என்பது அதன் சாரம். அது நல்ல எழுத்து என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோர் பகுதிக்குப் போனபோது கையேடு எங்கே என்று கேட்டேன். மேரி என்ற பெண் குனிந்து அடுக்கு மேசையின் காலைக் காட்டினாள். முப்பது வயதிருக்கும், எப்போதும் வாயில் ஒரு கிண்டல் வைத்திருப்பவள்.

"பேப்பர் சார், உங்க புக்கு ரொம்ப யூஸு. டேபிளு ஆடவே மாட்டேங்குது. நல்ல கெட்டி பேப்பரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. நான் பேப்பர் சார்.

மேனேஜர் மூன்று வாரக் கெடு வைத்த அன்று காதர் ஒரு யோசனை சொன்னார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். "சார், அவங்கவங்க கட்டய அவங்கவங்களே பாத்தா தப்பு கண்ணுக்கு ஆப்டாது. என் கட்டய நீங்க பாருங்க, உங்க கட்டய நான் பாக்கறேன். ஜோடி ஜோடியா. எங்க மதரஸாவுல புள்ளைங்கள அப்பிடித்தான் உக்கார வெக்கறேன்."

மேனேஜர் சரி என்றார். என் பதினாறு பக்கத்தை அவர் படித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அஸருக்குப் பிறகு

காதர் ஷிப்ட் முடிந்ததும் கடைவீதிக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர். சம்பளத்துக்கு அல்ல. முதல் வாரச் சோதனை தேறியதும், கம்பெனியின் மாதச் செய்திமடலுக்காக அதைப் பற்றி எழுதும்படி மேனேஜர் என்னைத்தான் பணித்தார். "நீங்கதான் எழுதறவராச்சே."

மாலை நேர அஸர் தொழுகை முடிந்ததும் போனேன். பள்ளிவாசலின் பக்க அறை. பச்சை வண்ணம் அடித்த சுவர், ஒரு மின்விசிறி, விரித்த ஜமக்காளம். இருபது பிள்ளைகள் இருக்கலாம். யாரோ ஆரஞ்சு உரித்த வாசனை. நோட்டை எடுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன்.

ஒற்றுமையைப் பற்றி வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு குச்சியை ஒடிக்கலாம், கட்டாகச் சேர்த்தால் ஒடிக்க முடியாது என்ற கதையைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் அதை எப்படிக் கிண்டலாக எழுதுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். அவர் கதையே சொல்லவில்லை.

பிள்ளைகள் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளை ஓதும். மற்றது கேட்கும். பிழை வந்தால் கேட்கிற பிள்ளை 'தப்பு' என்று சொல்லக்கூடாது. ஒற்றை விரலால் ஜமக்காளத்தில் ஒரு தட்டு. ஓதுகிற பிள்ளை நின்று, தானே தேடித் திருத்திக்கொள்ள வேண்டும். பாடம் ஒப்பிக்கும்போது ஜோடியில் ஒருவர் தேறாவிட்டால் இருவருமே தேறவில்லை.

பர்வீன் என்று ஒரு சிறுமி. எட்டு வயது இருக்கலாம். எழுந்து இடுப்பில் கைவைத்தாள்.

"உஸ்தாத், நான் கரெக்டா ஓதிட்டேன். இவதான் நடுவுல மறந்துட்டா. நான் இன்னாத்துக்கு திரும்ப உக்காரணும்?"

"நீ ஓதுனது யாருகிட்ட கீது?"

"என்கிட்ட."

"அவ மறந்தது?"

"அவகிட்ட."

"அவ யாரு?"

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். "என் ஜோடி."

"அப்ப பாதி உன்கிட்டதான் இருக்கும். உக்காந்து தேடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஓதுவது கேட்டது.

கடைசி வரிசையில் இரண்டு பேரைத் தனித்தனியாக உட்காரவைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "இவன் தப்ப அவன் மறைச்சான், அவன் தப்ப இவன் மறைச்சான் சார். அதுவும் ஒத்துழைப்புதானே உஸ்தாத்ன்னு என்கிட்டயே கேக்கறானுங்க. நல்லதுக்கு கைகுடுக்கச் சொல்றது மார்க்கம். தப்புக்கு கைகுடுக்காதன்னும் அதே மார்க்கம்தான் சொல்லுது. பாதிய மட்டும் எடுத்துக்கக் கூடாது இல்ல?"

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வெளியே வந்து டீக்கடையில் நின்று, எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இதில் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை. அந்த எரிச்சலில் டீ ஆறிப்போனது.

செய்திமடலுக்கு ஆறு பத்தி எழுதிக் கொடுத்தேன். காதரின் பெயர் ஐந்தாவது பத்தியில் வந்தது. மேனேஜர் அதை எடுத்துத் தலைப்பில் போட்டார்.

குறுக்கே ஒரு கட்டை

தொழிற்சாலையில் ரம்பச் சத்தத்துக்கு நடுவே விரலால் தட்டினால் கேட்காது. அதனால் காதர் ஒரு மாற்று செய்தார். பக்கத்துப் பெண் அடுக்கியதில் ஈரக் கட்டையோ சந்துவிட்ட கட்டையோ இருந்தால், ஒன்றும் பேசாமல் அதை எடுத்து அவள் கட்டைத் தட்டின்மேல் குறுக்கே வைத்துவிட வேண்டும். அவள் பார்த்து மாற்றிக்கொள்வாள். அடுக்கி முடித்த கோரின் ஓரத்தில் இருவரின் முதலெழுத்தும் சாக்பீஸால் எழுதப்படும். அழுத்தி வெளிவந்த பலகையிலும் அதே எழுத்துகள்.

முதல் நாள் பெரிய சண்டை.

"இன்னா பாய், இது போட்டுக்குடுக்கற வேல மாதிரி கீது" என்றாள் மேரி.

"போட்டுக்குடுத்தா மேனேஜர் கிட்ட போவும் அக்கா. இது உங்க ரெண்டு பேர தாண்டி எங்கயும் போவாது."

மேரியின் ஜோடி கன்னியம்மா, ஆரம்பாக்கம் பக்கம். ஆந்திர எல்லைக்காரி. "உனக்கு இன்னா நைனா, சொல்லிட்டு போயிடுவ. நான் இவ கட்டய குறுக்க வெச்சா இவ மூஞ்ச தூக்கினு உக்காந்துக்குவா. அப்பறம் பஸ்ல எனக்கு யாரு சீட்டு புடிக்கறது?"

"மூஞ்ச தூக்கினாலும் சீட்டு புடிப்பேன்டீ. நீ ஏறினப்பறம் பேசமாட்டேன். அவ்ளோதான்" என்றாள் மேரி.

இரண்டு வாரத்தில் குறுக்குக் கட்டைகள் குறைந்துபோயின. கொப்புளமே இல்லை. இரண்டாவது சோதனையும் தேறியது. நான் கத்தியால் நெம்பினேன். மரநார் கிழிந்துகொண்டு வந்தது. அப்படித்தான் வர வேண்டும். பசை மரத்தைவிட வலுவாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். பிடிக்காவிட்டால் தோல் மொழுக்கென்று உரிந்து, அடியில் பசை பளபளக்கும்.

தேறியது என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது. வெளியே போய்ச் செய்தி சொன்னது காதர். அவர்கள் கைதட்டிய சத்தம் ஆய்வகத்துக்குள் கேட்டது.

அன்று மாலை டீ வந்தபோது இரண்டு டம்ளர்களையும் பார்த்தேன். காதரின் டம்ளர்மேல் சூடு போகாமல் ஒரு தட்டு மூடியிருந்தது. என்னுடையதில் ஆடை படிந்திருந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு மெதுவடை, காகிதத்தில். இதையெல்லாம் ஒரு மனிதன் கவனிக்கக் கூடாது. கவனிப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என்னிடம் மரியாதையாகவே பேசினார். என் நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. செய்திமடலைச் சட்டைப்பையில் மடித்துவைத்திருந்து, "எவ்ளோ அழகா எழுதிகீறீங்க சார்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினார்.

மூன்றாவது தூண்

மூன்றாம் வாரம் மழை பிடித்தது. பலகைகளை அடுக்கிவைக்கும் கொட்டகையின் கூரைத் தகடு கிழக்கு ஓரத்தில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் ஒழுகும். எனக்கு அது தெரியும். என் பாக்கெட் நோட்டில் தேதியோடு எழுதியும் வைத்திருந்தேன். பராமரிப்புப் பிரிவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லாமல் விட்டிருந்தேன்.

சோதனைக்கு எந்தப் பலகையை எடுப்பது என்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுக்கு எண்களைச் சீட்டுகளில் எழுதி, பசை டப்பாவின் மூடியில் போட்டுக் குலுக்குவோம். அந்தப் பக்கம் போகும் யாராவது ஒரு சீட்டை எடுப்பார்கள். எந்த அடுக்கு வருகிறதோ அதன் மேல் பலகை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் காதர் லுஹர் தொழப் போயிருந்தார். நான் சீட்டு எழுதவில்லை. நேராக மூன்றாவது தூணுக்குப் போனேன். அங்கிருந்த அடுக்கின் மேல் பலகையில் மஞ்சள் கறை இறங்கியிருந்தது. ஓரத்தை விரலால் அழுத்தினேன். லேசாக அமுங்கியது. மற்றொரு ஓரத்தில் சாக்பீஸ் எழுத்து: மே, க.

கடுமையான சோதனைதான் நேர்மையான சோதனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியம் அப்போது நன்றாக அமைந்ததாகத் தோன்றியது.

அறுக்கும் ஆளிடம், கறை படிந்த ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு நீக்கிவிட்டு அதற்கு அடுத்த பகுதியிலிருந்து துண்டுகள் எடுக்கச் சொன்னேன். ஓரம் நேராக வேண்டும் என்று காரணம் சொன்னேன். கறை தூளாகிப் போனது. பதிவேட்டில் 'மாதிரி எடுத்த முறை' என்ற கட்டத்தில் 'குலுக்கல்' என்று எழுதினேன். எழுத்து எப்போதும்போல் தெளிவாக இருந்தது.

ஏழரை மணி

காதர் அடுப்பைத் திறந்தார். சூடான மரத்தின் வாசனை அறையெங்கும் பரவியது. இடுக்கியால் ஆறு துண்டுகளையும் எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார்.

"நீங்களே பாருங்க சார். நான் தள்ளி நிக்கறேன். நான் சொல்லிக்குடுத்தவங்க வேல. நான் பாக்கறது முறையில்ல."

சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முதல் துண்டு. நார் கிழிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதும் அப்படியே. ஒரு கணம் ஆறும் தேறிவிடும் என்று நினைத்தேன். அப்போது எனக்கு உண்டானது மகிழ்ச்சி அல்ல.

ஐந்தாவது துண்டில் கத்தி தடையில்லாமல் உள்ளே போனது. தோல் முழுசாகக் கழன்று வந்தது. ஆறாவதும் அதே. அடியில் பசை பளபளத்தது.

"காதர்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எந்த அடுக்கு சார்?"

"குலுக்கல்ல வந்தது."

"சரி சார்" என்றார். நம்பிவிட்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். அதற்கும் இடம் வைக்கவில்லை.

'தேறவில்லை' என்று எழுதினேன். இந்த முறை வெளியே போய்ச் சொன்னவரும் அவர்தான். கைதட்டல் இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். யாரும் மேரியையும் கன்னியம்மாவையும் திட்டவில்லை. காதர் தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னார்.

பத்து மணிக்கு மேரி ஆய்வகத்துக்கு வந்தாள். அன்று கிண்டல் இல்லை.

"பேப்பர் சார், மிச்ச போர்ட நான் பாக்கணும்."

காட்டினேன். மண்டியிட்டு, அறுத்த விளிம்பில் தெரிந்த கோரின் ஒவ்வொரு கட்டையையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். ஈரமானியைக் குத்திப் பார்த்தாள். விளிம்பின் மறுகோடி வரை போனாள்.

"ஈரக்கட்ட ஒண்ணும் இல்ல சார். நானு அவளுத பாத்தேன். அவ என்னுத பாத்தா. எப்பிடி சார் உரிஞ்சிது?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டினாள். "அப்ப கண்ணு தெரியாம போச்சு எங்களுக்கு. இன்னா பண்றது." வாசலில் நின்று திரும்பினாள். "பக்கத்து கம்பெனில எங்க அக்கா கீறா. நாளைக்குள்ள வந்தா சேத்துக்கறாங்களாம். இங்க ஒண்ணாந்தேதி வரைக்கும் குந்திகினு இருந்தா அதுவும் போயிடும். புள்ளைங்க ரெண்டு பேரு படிக்கிதுங்க."

நான் பதிவேட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். அன்று வியாழக்கிழமை.

மதியம் மேனேஜர் கோர் பகுதியை மூடும் நோட்டீஸை ஒட்டினார். நோட்டீஸின் வாசகத்தை என்னிடம்தான் சரிபார்க்கக் கொடுத்தார். இரண்டு ஒற்றுப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

ஒரு விண்ணப்பம்

திங்கட்கிழமை காலை காதர் என் மேசைக்கு வந்தார். கையில் கோடு போட்ட தாள்.

"சார், மறு டெஸ்டு கேட்டு மேனேஜருக்கு எழுதிகீறேன். ஒருவாட்டி ஃபெயில் ஆனா ரெண்டு மடங்கு போர்டு எடுத்து திரும்ப டெஸ்டு பண்ணலாம்னு ரூல் கீதாமே. எனக்கு எழுத வராது. நீங்க பேப்பர்ல இருந்தவரு. கொஞ்சம் திருத்திக் குடுங்க."

வாங்கிப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்து. 'ஐயா, பெண்கள் மேல் தவறு இல்லை. நான் சரியாக சொல்லி தரவில்லை. என்னால் தான் பலகை உறிந்தது. அவர்களுக்கு மறுபடி ஒரு வாய்பு தரவும்.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'உறிந்தது' என்பதை 'உரிந்தது' ஆக்கினேன். 'வாய்பு' நடுவே ஒரு 'ப்' போட்டேன். பேனா இரண்டாவது வாக்கியத்துக்குத் திரும்பி வந்து நின்றது. அதில் இலக்கணப் பிழை பெரிதாக இல்லை.

பல வருடம் பத்திரிகையில் செய்த வேலை இது. நடை எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரிசெய்துவிடலாம். தகவல் தப்பாக இருந்தால் அந்தச் செய்தி போகக் கூடாது. இந்தத் தாளில் இரண்டு வாக்கியங்கள் நன்றாக இருந்தன, நடுவில் இருந்த இரண்டும் பொய். அவை பொய் என்பது எழுதியவருக்கே தெரியாது.

காதர் காத்துக்கொண்டு நின்றார். "ரொம்ப தப்பா கீதா சார்?"

இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களை அடித்தேன். அதற்கு மேலே எழுதினேன்: 'சோதனைக்கு எடுத்த பலகை குலுக்கலில் வந்ததல்ல. கிழக்கு ஓரம், மூன்றாவது தூண், கூரை ஒழுகும் இடத்தில் இருந்த அடுக்கிலிருந்து தெரிந்தே எடுக்கப்பட்டது. எடுத்தவர் தரப் பதிவு அலுவலர்.' பாக்கெட் நோட்டிலிருந்து ஒழுகலைக் குறித்த பக்கத்தைக் கிழித்துத் தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன்.

அவர் படித்தார். பிறகு மறுபடி படித்தார். முகத்தில் என்ன இருந்தது என்று எழுத முடிந்தால் எழுதுவேன். எனக்குத் தெரியவில்லை. தாளை இரண்டாக மடித்தார்.

"இத நான் குடுக்கட்டுமா சார், நீங்க குடுக்கறீங்களா?"

"நான் கொடுக்கிறேன்."

"ஏன் சார்?" என்று அவர் கேட்பார் என்று பயந்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். நல்ல பதில், இரண்டு வாக்கியம். அவர் கேட்கவில்லை. லுஹருக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை.

யாருக்குக் கைதட்டினார்கள்

மேனேஜர் கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். எனக்கு ஒரு மெமோ. மாதிரி எடுக்கும் வேலை இனி காதருக்கு. பதிவேடு எழுதுவது மட்டும் எனக்கு. கம்பெனி பெயர் கெடக் கூடாது என்று தாளைத் தன் கோப்பில் வைத்துப் பூட்டிக்கொண்டார். வெளியே யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இரண்டு பலகைகள் குலுக்கலில் எடுக்கப்பட்டன. மூன்று நாள் வெந்நீர், அடுப்பு. பன்னிரண்டு துண்டுகளையும் நான்தான் நெம்பினேன். பன்னிரண்டிலும் நார் கிழிந்தது. நோட்டீஸைக் கிழித்தார்கள்.

கைதட்டல் கேட்டது. இந்த முறை நானும் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்து நின்றேன்.

"நாலே நாளு" என்று கன்னியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "நாலே நாளுல அந்த மேனேஜர வழிக்கு கொண்டாந்துட்டாருடீ நம்ம பாய். இன்னா எழுதுனியோ நைனா, உன் கைக்கு தங்கக் காப்பு போடணும்."

காதர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பெருந்தன்மையால் அல்ல. உண்மையைச் சொன்னால் அதுவும் அவர் சொன்னதாகத்தான் இருக்கும்.

"எழுதுனது நான் இல்ல அக்கா. பேப்பர் சாரு" என்று மட்டும் சொன்னார்.

"ஆமா, எழுத்து அவருதுதான். தெரியாதா எங்களுக்கு" என்றாள் கன்னியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று ஒரு வடை வந்தது. தின்றேன். ஆறியிருந்தது என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் அது சூடாகத்தான் இருந்தது.

நோட்டீஸைக் கிழித்த சேதியை மேரிக்குச் சொல்லக் கன்னியம்மா போன் செய்தாள். மேரி வெள்ளிக்கிழமையே பக்கத்துக் கம்பெனியில் சேர்ந்து, பழைய அடையாள அட்டையையும் திருப்பி அனுப்பியிருந்தாள். அங்கே சேர்ந்தால் ஒரு வருடம் விலகமாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள்.

கோர் பகுதியில் இப்போது பதினோரு பேர்.